குப்பைமேடும் வாவிக்கரையும்: ஊருக்காக இறங்கும் ஆசிரியருக்கு ஒரு கையேடு

பட்டினத்துக் குப்பை பட்டினத்தில் கிடப்பதில்லை. ட்ராக்டர் பெட்டியில் ஏறி வாவி ஓரத்துக்கோ, சுனாமி வீட்டுத் திட்டத்தின் பின்புறத்துக்கோ, வயலும் காடும் சந்திக்கும் எல்லைக்கோ போய்விடுகிறது. கிழக்கிலங்கையில், அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்ற யானைகள் இறப்பது 2022 இல் உலகச் செய்தியானது. ஒலுவிலில் துறைமுகம் வந்தபின் கடல் தின்ற நிலம் மீனவருடையதும் சிறு தென்னந்தோட்டக்காரருடையதும். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக 2023 இல் பண்ணையாளர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். வாகரையிலும் திருக்கோவிலிலும் இல்மனைட் கனிம மணல் அகழ்வுக்கு எதிராக ஊர் எழுந்தது. ஒவ்வொன்றிலும் இலாபம் ஓரிடம் போகிறது, சேதம் வேறோரிடத்தில் இறங்குகிறது. சுற்றாடல் நீதி என்று பேசுவது இந்தக் கணக்கைத்தான்.

இப்படியான ஊர்களில் கடிதம் எழுதித் தரச் சொல்லி மக்கள் முதலில் தேடி வருவது ஆசிரியரிடம். இந்த வேலைக்குப் புதிதாக இறங்கும் ஆசிரியருக்காக இது எழுதப்படுகிறது. குப்பை கொட்டுவதையும் வாவிக்கரையை நிரப்புவதையும் உதாரணமாக எடுத்திருக்கிறோம். மணல் அகழ்வு, ஆலைக் கழிவு எதுவானாலும் முறை பெரும்பாலும் இதுவே. கடிதம் போகும் அலுவலகம் மாறும்.

முதலில் உங்கள் நிலை

நீங்கள் அரச ஊழியர். தாபன விதிக்கோவையின் 47 ஆம் அத்தியாயம் ஊழியரின் நடத்தை பற்றியது. அனுமதியில்லாமல் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதை அது கட்டுப்படுத்துகிறது. "இன்ன பாடசாலை ஆசிரியர்" என்று கமெராவுக்கு முன்னால் பேசினால் மறுவாரம் விளக்கம் கோரும் கடிதம் வரலாம். குப்பைமேட்டுப் பிரச்சினை அத்தோடு உங்கள் ஒழுக்காற்றுப் பிரச்சினையாக மாறிவிடும். எதிர்த்தரப்புக்கு அதைவிட வசதியான திருப்பம் கிடையாது.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். பாடசாலைக்குள் நடப்பது சுற்றாடல் கழகம், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டம், விஞ்ஞான, புவியியல் செயற்றிட்டங்கள் என்ற பெயரில், அதிபரின் எழுத்து மூல அனுமதியோடு நடக்கட்டும். வெளியில் நடப்பதை கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம் ஆகியவற்றின் கடிதத்தாளில், அவற்றின் தலைவர், செயலாளர் கையொப்பத்தோடு செய்யுங்கள். ஊடகத்துக்குப் பேச வேண்டியவர் சங்கத் தலைவர், அல்லது கிணறு கெட்டுப்போன வீட்டுக்காரி. அவர் பேசினால்தான் கேட்பவருக்கும் உறைக்கும்.

பிள்ளைகள் விடயத்தில் கறாராக இருங்கள். வாவியில் நீர்த்தெளிவு பார்க்கலாம், கரையில் பிளாஸ்டிக் எண்ணலாம், வரைபடம் வரையலாம். பெற்றோரின் ஒப்புதல் கடிதம் இருக்க வேண்டும். குப்பைமேட்டுக்குள் இறங்கக் கூடாது. அங்கே ஊசி, உடைந்த கண்ணாடி, உள்ளே புகைந்துகொண்டிருக்கும் நெருப்பு எல்லாம் இருக்கும். சீருடையோடு பதாகை பிடிக்க வைப்பதும் வேண்டாம். படம் நன்றாக வரும், ஆனால் பிறகு பதில் சொல்ல வேண்டியவர் அதிபர்.

இன்னொன்று: பாடசாலைப் பின்வளவில் யோகட் கோப்பையும் லஞ்ச் ஷீட்டும் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் உட்படக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரிலிருந்து தடைசெய்யப்பட்டது. பிரதேச சபையின் முதல் பதில் உங்கள் பாடசாலைப் புகையின் படமாக இருக்கலாம்.

சி.ஆர். கொப்பி

இந்த வேலையின் அச்சாணி தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பிதான். பக்கங்களுக்கு இலக்கமிடுங்கள். பக்கம் கிழிக்கக் கூடாது, பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்டிக் கையொப்பமிட வேண்டும். திகதி, நேரம், இடம், கண்டது, கண்டவர் பெயர் என ஐந்து நிரல்கள் போதும். "நாற்றம் தாங்க முடியவில்லை" என்று எழுதுவதில் பயனில்லை. "காலை 6.10, தெற்கிலிருந்து காற்று, பாலர் பாடசாலை வாசல்வரை புகை, 40 நிமிடம்" என்று எழுதினால் அதை யாரும் மறுக்க முடியாது.

எத்தனை சுமை என்று எண்ணுங்கள். ஒரு ட்ராக்டர் பெட்டியில் ஏறக்குறைய 1 கியூப், நடுத்தர டிப்பரில் 3 கியூப் அளவு கிறவல் (சரளை மண்) ஏறும். 1 கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.8 கனமீற்றர். இரவு 11 மணிக்குமேல் வரும் டிப்பர்களை எண்ண, வீதி ஓரத்து வீட்டில் ஒருவர் ஜன்னலுக்குள் இருந்தபடியே குறித்துக்கொண்டால் போதும். வாகன இலக்கம் முழுதாகத் தெரியாவிட்டால் தெரிந்த எழுத்தை மட்டும் எழுதுங்கள். ஊகித்து நிரப்பிய ஓர் இலக்கம் பிழையானால் கொப்பி முழுதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். வாகனத்தை மறிப்பதும் சாரதியோடு வாக்குவாதப்படுவதும் வேண்டாம். சாரதி நாட்கூலிக்காரர், முடிவெடுத்தவர் அந்த இருக்கையில் இல்லை.

புகைப்படத்துக்கு நிலையான இடம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். இலக்கம் எழுதிய மின்கம்பத்தின் அடியில் நின்று, ஒரே திசையில், வாரம் ஒருமுறை எடுத்தால் மூன்று மாதத்தில் வாவிக்கரை எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கண்ணால் காட்டலாம். கைபேசியில் இட அடையாளத்தை இயக்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் திகதியும் இடமும் அடங்கிய உட்தரவு அழிந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், மூலப் படத்தை அழிக்காதீர்கள். கணினியில் கூகுள் ஏர்த் இருந்தால் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களை வரிசையாகப் பார்க்கலாம். நிரப்பிய பகுதியின் எல்லையைக் கோடிட்டு பரப்பையும் அதிலேயே அளக்கலாம். உயர்தர புவியியல் மாணவருக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் தேட வேண்டியதில்லை.

கிணற்று நீர்: எங்கே சறுக்கும்

அதிகம் பிழை நடப்பது இங்கேதான். ஒரு கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்து, ஈ.கோலை பக்டீரியா இருந்ததும் "குப்பையால் வந்தது" என்று முறையிடுகிறார்கள். சபையின் பொறியியலாளர் ஒரே வரியில் அதைத் தள்ளிவிடுவார்: "உங்கள் மலக்குழியால் வந்தது." அவர் சொல்வதும் பிழையாக இருக்காது. கல்லடி தொடக்கம் கல்முனை வரையான கரையோர மணலில் வீடுகள் நெருக்கம், கிணறுகள் ஆழமில்லை, மலக்குழியும் அதே காணிக்குள்.

ஆகவே ஒப்பிட்டுக் காட்டும்படி மாதிரி எடுங்கள். குறைந்தது 5 கிணறுகள்: குப்பைமேட்டிலிருந்து நிலத்தடி நீர் ஓடும் திசையில் 3, எதிர்த்திசையில் அல்லது தூரத்தில் 2. தூரத்துக் கிணறுகளிலும் வீட்டு நெருக்கமும் மலக்குழித் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைத்தூரத்தை நாடாவால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் நன்னீர் நடுவில் உயர்ந்து நின்று இரு பக்கமும் வழியும். நடுத்திட்டின் வாவிப்பக்கத்தில் இருக்கும் குப்பை கடற்பக்கக் கிணற்றைக் கெடுத்தது என்று வாதிட்டால் எடுபடாது.

எதைப் பரிசோதிப்பது? பக்டீரியா மட்டும் போதாது. குப்பையிலிருந்து ஊறி வடியும் குப்பைச்சாறு கலந்த நீரில் அமோனியா, இரும்பு, மங்கனீசு, மின்கடத்துதிறன், இரசாயன ஒட்சிசன் கேள்வி ஆகியவை சேர்ந்து உயரும். குளோரைட்டும் உயரும், ஆனால் கடலோரத்தில் அது உப்புநீராலும் வரும், அதைத் தனியாக நம்ப வேண்டாம். குடிநீருக்கான இலங்கைத் தரம் 614 இன்படி பீ.எச். 6.5 முதல் 8.5 வரை, நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம், குளோரைட்டு 250 மில்லிகிராம் என்பன உச்ச எல்லைகள், ஈ.கோலை அறவே இருக்கக் கூடாது.

மாதிரி எடுக்கும் முறையில் பிழை நடந்தாலும் அறிக்கை செல்லுபடியாகாமல் போகும். பக்டீரியாவுக்கு ஆய்வுகூடம் தரும் கிருமியழித்த போத்தல் மட்டுமே; மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது, போத்தலை அலசக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கப் பாருங்கள். இரசாயனப் பரிசோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, வாய்வரை நிரப்புங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நேரில் நிற்கச் சொல்லி, போத்தல் சிட்டையில் அவரது கையொப்பத்தையும் வாங்கிவிடுங்கள். அவர் எடுத்த மாதிரி என்றால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். எந்த நாளில் மாதிரி ஏற்கிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை கொண்டுபோன பக்டீரியா மாதிரி வீண்.

ஆண்டுக்கு இரு முறை எடுங்கள்: வரட்சி உச்சத்தில், ஆவணி வாக்கில் ஒன்று, மாரி மழை தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஒன்று. மழைக்குத்தான் குப்பைச்சாறு இறங்கும்.

யாருக்கு எழுதுவது

குப்பையை அகற்றுவது உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. பிரதேச சபைக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் 93, 94 ஆம் பிரிவுகள். நகர சபைக்கும் மாநகர சபைக்கும் தனித்தனிக் கட்டளைச் சட்டங்கள். கொட்டும் இடத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் உண்டா, அதன் நிபந்தனை என்ன என்பதெல்லாம் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் பொறுப்பு. அவசர முறைப்பாட்டுக்கு 1981 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு.

அரச காணியாகிய வாவிக்கரையை நிரப்பினால் பிரதேச செயலாளர். கடலோரத்தில் நிலப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் கடலோடு கலப்பதால் அதன் ஓரப் பகுதிகளுக்கும் இந்தச் சட்டம் நீளும். உங்கள் இடம் வலயத்துக்குள் வருகிறதா என்று அந்தத் திணைக்களத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வயலை நிரப்பினால் கமநல சேவை நிலையம், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம். மணல், கிறவல் என்றால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம்.

ஈரநிலத்தை 4 ஹெக்டேயருக்கு மேல் நிரப்பினால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்குள் போக வேண்டும். அதனால்தான் பலர் துண்டு துண்டாக, ஆளுக்கொரு பெயரில் நிரப்புகிறார்கள். துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டுவது உங்கள் வேலை.

கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். முதல் வரியில் இடம், கிராம உத்தியோகத்தர் பிரிவு. அடுத்துக் கொப்பியிலிருந்து ஐந்தாறு திகதிகள். அடுத்து எந்தச் சட்டத்தின் கீழ் என்ன செய்யக் கேட்கிறீர்கள். கடைசியில் எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும். "தயவுகூர்ந்து ஆவன செய்யவும்" என்று முடிக்கும் கடிதத்துக்கு ஆவன எதுவும் நடக்காது. "14 நாட்களுக்குள் கள ஆய்வு செய்து அறிக்கைப் பிரதியைத் தரவும்" என்று கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைக் கொப்பியில் ஒட்டுங்கள். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்குப் பிரதியிட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள், ஆகவே செயற்பட வேண்டியவருக்கு மூலக் கடிதம், மேலதிகாரி ஒருவருக்கு மட்டும் பிரதி.

கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதி தமிழில் பதில் கேட்பது உரிமை. ஆனாலும் அம்பாறை நகரத்து அலுவலகங்களுக்குச் சிங்கள மொழிபெயர்ப்பொன்றை இணைத்தால் வாரக்கணக்கில் காலம் மிச்சம்.

தகவல் கோரிக்கை

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைக்கு மிக அடக்கமான கருவி. பிரஜை என்ற நிலையில் கேட்பதால் உங்கள் உத்தியோகம் குறுக்கே வராது. காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. ஏன், எதற்கு என்று அபிப்பிராயம் கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி:

இன்ன இடத்தில் திண்மக்கழிவு கொட்டுவதற்குப் பெற்ற சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தின் பிரதி, நிபந்தனைகள் உட்பட.
அந்தக் காணியைத் தெரிவு செய்த சபைக் கூட்ட அறிக்கையின் பிரதி.
கடந்த 12 மாதங்களில் அங்கு கொட்டிய கழிவின் அளவு, வாகனப் பதிவேட்டின் பிரதி.
அந்த இடத்தில் செய்த நீர்ப் பரிசோதனை அறிக்கைகள்.

அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதாக முடிவானால் அடுத்த 14 நாட்களுக்குள் தர வேண்டும். விரிவான தகவலென்றால் மேலும் 21 நாட்கள் வரை நீடிக்கலாம். உயிரும் தனியாள் சுதந்திரமும் சம்பந்தப்பட்டால் 48 மணித்தியாலம். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ 14 நாட்களுக்குள், மேன்முறையீட்டைக் கேட்க அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பெரும்பாலானோர் தவறவிடுவது முதல் மேன்முறையீட்டின் அந்த 14 நாட்களைத்தான். கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். "அவ்வாறான அனுமதிப்பத்திரம் இல்லை" என்ற பதில் வந்தால் ஏமாற்றமடைய வேண்டாம். கையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பதில் அதுவே.

இரண்டு ஊர், ஒரு குப்பை

நமது மாவட்டங்களின் பெரிய பொறி இது. குப்பை வரும் ஊர் ஓர் இனம், கொட்டப்படும் எல்லை இன்னோர் இனம் என்றால் ஒரே வாரத்தில் பிரச்சினை "அவர்கள் எங்கள் மேல் கொட்டுகிறார்கள்" ஆகிவிடும். அதன்பின் நீரின் தரம் பற்றி யாரும் பேச மாட்டார்கள். தேர்தல் காலமென்றால் சொல்லவே வேண்டாம். மறுபக்கத்திலும் அந்த மேட்டின் புகையைச் சுவாசிப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் கடிதம் போவதற்கு முன்னர் அவர்களைத் தேடிப் போங்கள். அங்கேயுள்ள பாடசாலையில் உங்களோடு பயிற்சிக் கலாசாலையில் படித்த ஒருவராவது இருப்பார். கோயில் நிர்வாகமும் பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரே தாளில் கையொப்பமிட்ட கடிதத்தை எந்த அலுவலகமும் இலேசில் ஒதுக்காது. சுவரொட்டியிலும் பேச்சிலும் ஊர்ப் பெயரைக் குற்றவாளியாக்க வேண்டாம். சபையின் பெயர், அனுமதிப்பத்திர இலக்கம், திகதி ஆகியவை போதும்.

மாற்று வழியையும் சொல்ல வேண்டும். "இங்கே வேண்டாம்" என்றால் அது இன்னொரு ஏழை ஊருக்குப் போகும். வீட்டிலேயே தரம்பிரித்தல், சந்தைக் கழிவைக் கூட்டெருவாக்குதல், எஞ்சியதை மட்டும் ஒழுங்கான இடத்தில் மண் மூடிப் புதைத்தல் என்று சபைக்குச் செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்.

எழுத்து பலிக்காதபோது

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லையை அகற்ற நீதவான் கட்டளையிடலாம். பொலிஸ் மூலமோ நேரடியாகவோ போகலாம்; சட்டத்தரணிக்கு வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகங்கள் உண்டு. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இதைத் தெரியாமல் காலம் கடத்திய ஊர்கள் பல.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின் நிறுவனம் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்கு 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இழப்பீடு என்று வரும்போது எந்த வீட்டுக் கிணறு, எப்போதிலிருந்து என்ற பட்டியலைத்தான் கேட்பார்கள்.

கண்டல் நடுவது பற்றி ஒரு சொல். அலுவலகம் உங்களைச் சமாளிக்க நினைத்தால் முதலில் தருவது கண்டல் கன்றுகளும் ஒரு பதாகையும். சுனாமிக்குப் பின் நட்டவற்றில் பெரும்பகுதி பட்டுப்போனது. நீர் ஆழம் பாராமல், பிறகு கவனிக்க ஆளில்லாமல் நட்டதே காரணம். கண்ணா, தில்லை, கிண்ணை ஆகிய கண்டல் மரங்கள் தானாக முளைத்திருக்கும் மட்டத்தைப் பார்த்து அதே மட்டத்தில் நடுங்கள், மாடு புகாமல் அடையுங்கள். நிரப்பிய கிறவலை அகற்றி நீரோட்டத்தைத் திறந்துவிட்டால் விதை தானாகவே வந்து சேரும்.

இடமாற்றம்

ஐந்தாறு ஆண்டில் உங்களுக்கு இடமாற்றம் வரும், இந்த வேலைக்காகச் சற்று முன்னரே வந்தாலும் வரலாம். கொப்பி உங்கள் அலுமாரியில் இருந்தால் வேலையும் உங்களோடு போய்விடும். ஆரம்பத்திலேயே இரண்டு பைல் வையுங்கள்: மூலம் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளரிடம், பிரதி மாதர் சங்கத்தில் எழுத்து வேலைக்குப் பழகிய ஒருவரிடம். இரண்டிலும் முதற் பக்கத்தில் நிலுவையிலுள்ள கடிதங்கள், மேன்முறையீட்டுக் கெடு திகதிகள், புகைப்படம் எடுக்கும் மின்கம்பத்தின் இலக்கம், மாதிரி எடுத்த 5 கிணறுகளின் வீட்டு இலக்கம், அடுத்த மாதிரி எடுக்க வேண்டிய மாதம் ஆகியவை எழுதியிருக்க வேண்டும். கையளிக்கும் நாளில் இருவரையும் அழைத்துக்கொண்டு அந்த மின்கம்பத்தடிக்குப் போய், படம் எடுக்கும் திசையைக் காட்டி, ஒரு படத்தை அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள்.